கட்டிலில் விழும் வெயில்

பிள்ளைகளோடு போகும் முதல் கப்பல் பயணத்துக்கு அறை பிடிக்க, ஜொகூர் பாரு ஏஜென்சியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜென்ட் நீட்டிய படத்தைக் கனகராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எண்ணூத்திப் பதினாலாம் நம்பர் ரூம். பால்கனி வெச்சது,” என்றான்.

“கீழ உள்ளது மலிவா இருக்குலா,” என்றாள் மனைவி ஷாமளா.

“அங்க இஞ்சின் சத்தம் கேக்கும். இதுல காலையில கட்டில் மேலயே வெயில் விழும்.”

ஷாமளாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன் சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை என்றுதானே சொன்னான்? கட்டிலில் விழும் வெயிலை ஆபீஸிலிருந்தா பார்த்தான்? எவளோ ஒருத்தி அந்த வெயிலில் சோம்பல் முறிப்பது அவள் கண்முன் வந்து வந்து போனது. 

கப்பல் ஏறிய அன்று, அறைக்கதவு திறந்ததும் அவன் கை, பார்க்காமலே விளக்குச் சுவிட்சைத் தட்டியது. பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினார்கள்.

“உண்மையச் சொல்லுங்க. இந்த ரூமுக்கு யாரோட வந்தீங்க?”

கனகராஜ் குனிந்தான். கலைந்திருந்த விரிப்பின் ஓரத்தை இழுத்து, மெத்தைக்கடியில் கச்சிதமாக மடித்துச் சொருகினான்.

“விளக்கமாத்தோட,” என்றான். “மூணு வருஷம் தினம் இந்தக் கட்டில விரிச்சேன். ஒரு தடவகூட இதுல உக்காந்ததில்ல, ஷாமளா.”