தண்ணீர் சூடாகிவிட்டது

கார் உதிரிபாகக் கடைக்காரர் நெமோட்டோ இரண்டு ரேடியேட்டர்களையும் மேசைமேல் படுக்க வைத்தார். ஒன்று மெல்லியது. இன்னொன்று அதைப்போல் இரண்டு மடங்கு தடிமன்.

தெட்சுயாவுக்கு மெல்லியது போதும். தடித்தது வேண்டவே வேண்டாம்.

அவன் மனைவி சயோகோ தடித்ததன்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறவள் அவள்தான்.

"இதைப் போடு, ராணியம்மா," என்றார் நெமோட்டோ. "ஆகஸ்ட் வெயில்ல அரை மணி நேரம் விடாம மிதிச்சாலும் எஞ்சின் அசராது. நடுவுல ஓய்வே வேணாம்."

ஓய்வே வேண்டாம் என்பதுதான் தெட்சுயாவின் பயம்.

விடுமுறையில் தடத்துக்குக் கார் ஓட்டப் போகும் அவர்கள் கூட்டத்தில் ஒரு சுற்று உயிரைக் கொடுத்து ஓட்டினால், அடுத்த சுற்று மெதுவாக வந்து எஞ்சினை ஆறவிடுவார்கள். அப்படியும் ஆறவில்லையென்றால், கொளுத்தும் வெயிலிலும், எஞ்சின் சூட்டைக் காருக்குள் இழுக்க ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டு, வேர்த்து வழிய வந்து ஓரம் கட்டுவார்கள். 'தண்ணி சூடாயிடுச்சு' என்று சொன்னால் போதும், யாரும் மேலே கேட்பதில்லை. 'பயமா இருந்துச்சு' என்று சொல்லி ஓரம் கட்டியவர் மட்டும் இதுவரை ஒருவரும் இல்லை.

போன நவம்பரில் கடைசி வளைவில் சயோகோவின் கார் பம்பரமாகச் சுழன்று, டயர்ச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். கூட்டமே கை தட்டியது. யாரோ கொடுத்த டப்பாக் காப்பியை வாங்கி, மூடியின் வளையத்தை இழுக்காமலே தெட்சுயாவிடம் நீட்டினாள். "நீ திற." கையுறை வழுக்குகிறது போலும் என்று அவனும் திறந்து கொடுத்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

'போகாதே' என்று சொல்லலாம். கல்யாணமான நாளாக அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே கோழை மனத்துக்குத் தோன்றும் வழி அவனுக்கும் தோன்றியது. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் கருவி நூற்றுப்பத்து டிகிரியில்தான் அலற வேண்டும். யாருக்கும் தெரியாமல் அதை நூறுக்கு இறக்கி வைத்தான். அலறினால் வேகத்தைக் குறைப்பாள். அவன் கேட்டது அவ்வளவுதான்.

குறைக்கவும் செய்தாள். இந்த வசந்தத்தில் அவன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே அலற ஆரம்பித்தது. காரும் நம் பக்கம்தான் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டான்.

கூட்டாளிகள் சும்மா விடவில்லை. ரேடியேட்டர் போய்விட்டது, மாற்று, மாற்று என்று நச்சரித்து இருவரையும் இங்கே துரத்திவிட்டார்கள்.

"முன்பக்கம் கனம் ஏறினா வளைவுல திரும்பாது," என்றான் தெட்சுயா. "மெல்லிசே போதும்."

"எஞ்சின் வெந்து போனாலும் மூக்கு லேசா இருக்கணுமாம் உன் வீட்டுக்காரருக்கு!" நெமோட்டோ சிரித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு உதைக்குதே. இந்த எஞ்சினுக்கு ரெண்டாவது சுத்துலயே அவ்வளவு சூடு ஏறாது. கருவி பொய் சொல்லுதோ என்னமோ. இருங்க, பாத்துடலாம்."

தெட்சுயா கார்ச் சாவியைக் கையில் எடுத்தான். "தடிச்சதை வெச்சா விசிறி இடிக்குமான்னு நான் முதல்ல பாத்துட்டு வந்துடுறேன்," என்று உளறிவிட்டு வாசலுக்கு ஓடினான்.

கார் வெயிலில் அடுப்பாகக் காய்ந்து கிடந்தது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகி, கருவியின் பொத்தானை அழுத்தினான். நூறு என்று காட்டும். பத்துத் தட்டுத் தட்டினால் பழையபடி நூற்றுப்பத்து. காதும் காதும் வைத்ததுபோல் முடிந்துவிடும்.

தொண்ணூற்றைந்து என்று காட்டியது.

மறுபடியும் அழுத்தினான். தொண்ணூற்றைந்துதான்.

அவன் வைத்தது நூறு. அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கருவியை வேறு யாரும் தொட்டதில்லை. காருக்கு இருப்பது இரண்டே சாவி. ஒன்று அவன் கையில்.

கண்ணாடியில் நிழல் விழுந்தது. நெமோட்டோ குனிந்து எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சயோகோ, வாசலில் காசு போட்டால் பானம் தரும் இயந்திரத்தில் வாங்கிய பார்லி தேநீர் டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தெட்சுயா சட்டென்று சாவியைத் திருகி அணைத்தான். கருவி இருண்டது.

"எத்தனைல அலற வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் நெமோட்டோ.

"நூத்திப்பத்து," என்றான் தெட்சுயா.

"நூத்திப்பத்து," என்றாள் சயோகோ, அதே மூச்சில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அலறுற அளவு சரியாத்தான் இருக்கு," என்று நெமோட்டோ தலையைச் சொறிந்தார். "சரி, எதைக் கட்டட்டும்?"

"மெல்லிசையே கட்டுங்க," என்றாள் சயோகோ. "முன்பக்கம் கனம் ஏறினா திரும்பாது."

நெமோட்டோ முணுமுணுத்துக்கொண்டே கடைக்குள் போனார்.

அவள் டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினாள். வளையம் இழுக்கப்படவில்லை. அவள் கையில் இன்று கையுறையும் இல்லை.

தெட்சுயா திறந்து கொடுத்தான்.