ரிப்பன் கட்டிய சைக்கிள்

பல்கலைக்கழகத்தின் பழைய சாமான் அறையில் இரண்டு சைக்கிள்கள் கிடந்தன. ஒன்று புதுசு. ‘சைக்கிளுக்கு உகந்த வளாகம்’ விழாவில் துணைவேந்தர் ஏறி, புதுப்பாதையில் கொஞ்ச தூரம் மிதித்தது. ரிப்பன்கூட இன்னும் அவிழ்க்கப்படவில்லை. மற்றது மஞ்சரி என்ற மாணவியின் துருப்பிடித்த சைக்கிள். விழாப் பந்தலுக்கு அருகே நின்று கண்ணை உறுத்துகிறது என்று, அன்று காலை காவலாளிகள் பூட்டோடு தூக்கிவந்து போட்டது.

“விடுதியிலேருந்து லேப் ரொம்ப தூரம். வெயில்ல எப்படிப் போறாளோ,” என்று பழசு தினமும் புலம்பும்.

“அதான் வளாகம் பூரா பாதை போட்டாச்சே,” என்று புதுசு அலுத்துக்கொள்ளும்.

மறுவருஷமும் விழா வந்தது. புதுசைத் துடைத்து, காற்றடித்து, வெளியே உருட்டினார்கள்.

“நீலப் பை மாட்டியிருப்பா. பார்த்தா, நான் இங்க இருக்கேன்னு சொல்லு,” என்றது பழசு.

மதியத்துக்குள் புதுசு திரும்பிவிட்டது.

“பார்த்தியா?”

“பார்த்தேன். பாதையோரமா எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சிருந்தாங்க. நடந்தே வந்திருப்பா போல, வேர்த்துக் கொட்டிக்கிட்டிருந்தது.”

“சொன்னியா?”

“கைதட்டுற சத்தத்துல எங்க சொல்றது? அவளும்தான் தட்டிக்கிட்டிருந்தா.”