மதிய கிரிவலம்

“நடு மத்தியானத்துல எவனாவது செருப்பில்லாம தார் ரோட்டுல மலை சுத்துவானா?”

மகன் அறிவுச்செல்வனின் உள்ளங்கால் கொப்புளங்களுக்கு மருந்து தடவியபடி கத்தினாள் திரௌபதி.

“வேண்டுதல்மா.”

“கால் போனா ஃபுட்பால் மிட்ஃபீல்டுல கையாலயா ஆடுவ? நாளைக்கு கொல்கத்தா கிளப்புக்குப் போவணுமே!”

“ஷூ போட முடியாதும்மா. ஆறினதும் போறேன்.”

“கோச்சு திட்டமாட்டாரா?”

“சொல்லிட்டேன். காத்திருப்பாங்க.”

“பின்ன? நீ இல்லாம அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது,” என்று பெருமையாகச் சிரித்தாள்.

‘வயது முப்பதாகிவிட்டது, முழங்காலும் சரியில்லை, இனி வர வேண்டாம்’ என்று கிளப் அவனை அனுப்பிப் பத்து நாளாகிறது. அதை அம்மாவிடம் சொல்ல வாய் வராமல்தான் வெயிலில் நடந்தான்.

மலையைச் சுற்றும்போது அவன் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். இந்தப் புண் சீக்கிரம் ஆறிவிடக் கூடாது.