பல்லி சொன்ன சாட்சி

ஏகாம்பரம் புதிதாக வாங்கி வந்த பச்சோந்திக்கு அவன் கை என்றாலே ஆகாது. பழக்கப்படுத்துகிறேன் பேர்வழி என்று மணிக்கொரு தரம் அதைக் கூண்டிலிருந்து தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொள்வான். அதற்கு எரிச்சல் ஏறி, உடம்பெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி கிளம்பும். "கோமளா, என்னைக் கண்டதும் எப்படிப் பூரிச்சுப் போகுது பாரு" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

பச்சோந்தி சுவரில் இருந்த பல்லியிடம் முறையிட்டது. "அண்ணே, ரெண்டு நாள் சும்மா விட்டா நானே அவர் கையில ஏறிக்குவேன். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

"நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். இந்த வீட்ல மறுபேச்சே கிடையாது" என்றது பல்லி பெருமையாக.

மறுநாள் ஏகாம்பரம் பச்சோந்தியைத் தோளில் வைத்தபடி, "இது என்கிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு" என்றான்.

"பொய், பொய், அதை இறக்கி விடு" என்று பல்லி தொண்டை கிழியக் கத்தியது.

அவன் காதில் விழுந்ததோ வெறும் 'ச்சு ச்சு ச்சு'. பயபக்தியோடு மேஜையை மூன்று தரம் விரலால் தட்டினான். "கேட்டியா கோமளா, பல்லியே சொல்லிடுச்சு. இனிமே இது என் தோளை விட்டு இறங்காது."

பச்சோந்தி கன்னங்கரேலென்று கறுத்துச் சுவரைப் பார்த்தது. "அண்ணே, ஒரே ஒரு உதவி. இனிமே எனக்காக வாயைத் திறக்காதீங்க."