ரோடு இல்லாத காபி

"மலைக்கு ரோடு போடுங்க அண்ணாச்சி."

கேட்டுவிட்டாள். உயிரே போனாலும் அதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று முனீஸ்வரிக்குச் சொல்லியிருந்தது.

கௌதம்ராஜ் வறுக்கிற டிரம்மிலிருந்து ஒரு கரண்டி கொட்டையை அள்ளி முகர்ந்துகொண்டிருந்தார். மலையில் இருக்கிற காபித் தோட்டமும் அவருடையது, ராஜபாளையத்தில் இந்த வறுக்கிற கடையும் அவருடையது. காலை பதினோரு மணிக்குத் தெருமுனை வரைக்கும் இந்த வாசம்தான்.

"எதுவரைக்கும்மா?"

"பறிக்கிற எடம் வரைக்கும். ஒரு ஜீப் ஏறுற அகலம் போதும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் வாய் நிறையத் திட்டு சேர்த்து வைத்திருந்தாள்.

நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம். அம்மா பாலம்மாளின் பாடைக்குப் பின்னால் மகாராஜபுரம் சுடுகாடு வரை செருப்பில்லாமல் நடந்து வந்தவர். நேற்றுப் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

"ரோடு போட்டா பின்னாலயே லாரி வரும். லாரி வந்தா மரம் போகும். அது யானை நடக்கிற எடம். ஒனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"யானை நடக்கட்டும். எங்கம்மா நடந்தா வந்தா? தூக்கிட்டுல்ல வந்தாக."

அவர் கரண்டியில் இருந்த கொட்டையை டிரம்முக்குள்ளேயே திரும்பக் கொட்டினார்.

மரத்துக்கு நாலு தடவை போக வேண்டும். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், பச்சையில் கை படக் கூடாது. மருந்து அடிக்காத தோட்டம் என்பதால் கணுக்கால் முங்கச் சருகு. எட்டு வருஷமாக அதற்குள் கால் வைத்து நடந்த அம்மா, அன்றைக்குச் சருகுக்குள் கிடந்த நல்லபாம்பைப் பார்க்கவில்லை.

கடித்தது காலை ஒன்பது மணிக்கு. போர்வையில் கம்பைக் கோத்துத் தூளி கட்டி, கூடப் பறித்த பெண்களே மாற்றி மாற்றித் தூக்கினார்கள். அடிவாரத்தில் ஜீப்பின் கதவைத் திறந்தபோது மணி இரண்டு.

திறந்த கதவை மறுபடி சாத்திவிட்டார்கள்.

கடைக்குள் ஓர் அம்மாள் வந்தார். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் வேலை, மாதம் தவறாமல் வருகிறவர். கடையில் கல்லா பார்க்கிறவள் முனீஸ்வரி, அவள்தான் பில் போட வேண்டும். போட்டாள்.

"எங்க வீட்ல வேற காபி நுழையிறதே இல்ல. காட்டையும் கெடுக்கல, நம்ம ஊர்க்காரங்களுக்கும் ஒத்தாசையா இருந்த மாதிரி ஆச்சு" என்றார் அந்த அம்மாள். பாக்கெட்டை மூக்கில் வைத்து ஒருமுறை ஆழமாக இழுத்துவிட்டுப் போனார்.

கௌதம்ராஜ் அதே அடுக்கிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பி அவள் முன்னால் வைத்தார். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை. வருத்தமாகத்தான் வைத்தார்.

'இந்தக் காபிக்காக ஒரு மரம் சாயவில்லை. ஒரு ரோடு போடவில்லை. காட்டுப் பாதையில், எங்கள் தாய்மார்களின் தலைச்சுமையாக இறங்கி உங்கள் வீட்டுக்கு வருகிறது.'

"எழுதினது நீதானம்மா. இத வாசிச்சுத்தான் சனம் வாங்குது."

அவள்தான். தன் வீட்டிலேயே முதல்முதலாகக் காலேஜுக்குப் போனவள் எழுதி, முதல்முதலாக அச்சில் வந்த மூன்று வரி. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. காலிப் பாக்கெட் ஒன்றைச் சுருட்டி மடியிலேயே வைத்திருந்தாள். ஏறி இறங்குகிற அலுப்பில் எவளாவது ரோடு இருந்தால் என்ன என்று முனகினால் எடுத்துக் காட்டுவாளாம். எம்மக எழுதியிருக்காடி, வாய மூடிட்டு நடங்க.

"புதுப் பாக்கெட்டுல ஒங்கம்மாவப் பத்தி ரெண்டு வரி போடணும்னு நெனைக்கேன். நீயே எழுதிக் குடும்மா." அவர் கண் கலங்கியிருந்தது.

முனீஸ்வரி கல்லாச் சாவியை எடுத்து அந்த மூன்று வரியின் மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை கடைசிப் பறிப்பு. நேற்றுப் பந்தி முடிந்ததும் பறிக்கிற பெண்கள் பதினோரு பேர் வீட்டுக்கும் அவள் போய்ப் பேசிவிட்டாள். ரோடு உண்டென்று அவர் வாயால் சொன்னால் ஏறுவது. இல்லையென்றால் ஒருத்தியும் ஏறுவதில்லை. பழம் மரத்திலேயே கருத்து, அந்தச் சருகிலேயே விழட்டும்.

ஒத்துக்கொள்ளாதவள் ஒருத்திதான். அவள் அந்தப் பதினோரு பேரில் இல்லை.

அன்றைக்குச் செய்தி கேட்டு இவள் கீழேயிருந்து ஓடி, ஓடைக்கரையில் தூளியை எதிர்கொண்டபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. இமை தூக்க முடியவில்லை. நாக்குக் குழறியது. தூக்கி வந்தவர்கள் தோள் தோலுரிந்து, ஒரு ரோடு இல்லையே, ஒரு ரோடு இல்லையே என்று அழுதுகொண்டு வந்தார்கள். அம்மா தண்ணீர் கேட்கவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. மகளின் கையைத் தடவிப் பிடித்துச் சொன்னது ஒன்றுதான்.

"ஏட்டி, நீயும் போயி ரோடு கேட்டுறாத. நீ எழுதினது பொய்யாப் போயிரும்."

வாசல்படியில் இறங்கும்போது பின்னால் கொட்டை தீய்கிற வாடை வந்தது. எப்போதும் ஓடிப்போய் டிரம்மை நிறுத்துகிறவள் அவள்தான்.

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.