சீசன் எப்ப சார்?

"சார், சீசன் எப்ப சார் ஆரம்பிக்கும்?"

பதிலைக் கேட்டுவிட்டு முகம்மது ரபீக் போனை வைத்தான்.

"இன்னும் தெரியாதாம், உம்மா."

"அந்தாளு தினமும் இதையேதான் சொல்லுதான்" என்றாள் அவன் உம்மா ஷரீபுன்னிசா. "வாப்பா சவுதிலேருந்து வேலைக்கு விசா அனுப்பிப் பத்து நாளாச்சு. இன்னைக்கு பாஸ்போர்ட்டக் குடுக்கலைன்னா அது வேற ஆளுக்குப் போயிரும்."

"சீசன் தொடங்கிட்டா நான் போகவே வேண்டாம்லா."

பாஸ்போர்ட் வாங்க வந்த டிராவல்ஸ் தளவாய், நனைந்த தலையோடு வாசலில் நின்றார்.

"என்னலே இது? ஐந்தருவியில அஞ்சும் விழுது. குத்தாலத்துல கால் வைக்க இடமில்ல. சீசன் தொடங்கி ஒரு வாரமாச்சு. நீ யார்ட்டலே கேக்கே?"

"அது குத்தாலம் சீசன் அண்ணாச்சி. நான் கேக்கது ஃபுட்பால் சீசன். இந்த வருசம் லீக்க யார் நடத்துததுன்னு சம்மேளனத்துல ஏழு மாசமாச் சண்டை."

"இந்தியாவுக்கே கோல்கீப்பர் நீ. உன்ட்டகூடவா தேதி சொல்ல மாட்டாங்க?"

போன் அடித்தது. சற்று முன் பேசிய அதே சம்மேளன நிர்வாகி. உம்மாவும் கேட்கட்டும் என்று ரபீக் ஸ்பீக்கரில் போட்டான்.

"ரபீக், கேக்க மறந்துட்டேன். உங்க ஊர் குற்றாலம் பக்கம்தானே? அங்க சீசன் ஆரம்பிச்சாச்சா? எங்க கமிட்டியில பன்னிரண்டு பேர் குளிக்க வர்றோம்."

ரபீக் தளவாயின் ஈரத் தலையைப் பார்த்தான்.

"ஆரம்பிச்சாச்சு சார்" என்றபடி பாஸ்போர்ட்டை எடுத்துத் தளவாயிடம் நீட்டினான்.