அந்த வருசத்துத் திறமான கசற்

கப்பல் வேலையில் இருந்து லீவில் வந்திருந்த அல்போன்சும் கூட்டாளி நீக்கிலாசும் காலை தொடக்கம் ஹெவி மெற்றல் பாட்டுக் கசற்றுகளைப் போட்டுக் கேட்டார்கள். எல்லாம் அந்த வருசம் வந்தவை. துறைமுகம் துறைமுகமாக வாங்கி அல்போன்ஸ் ஊர்காவற்றுறை வீட்டுக்கு அனுப்பிவைத்தவை. எது திறம், எது ஆக நல்லது என்றுதான் வாதம்.

குசினிக்குள் அல்போன்சின் மனைவி ஜசிந்தா சட்டியைத் தூக்கி அடித்தாள்.

"அவவுக்கு இந்த இரைச்சல் பிடியாது" என்று அல்போன்ஸ் சத்தத்தைக் குறைத்தான். அடுத்த சட்டி இன்னும் பலமாக விழுந்தது.

"சரி, முடிவாச் சொல்லுறன். கறுப்பு மட்டைக் கசற்தான் திறம். மற்றதுகளை நீ கொண்டு போ, நீக்கிலாஸ்."

ஜசிந்தா அகப்பையோடு பாய்ந்து வந்தாள். நீக்கிலாசின் கையில் இருந்த சிவப்பு மட்டைக் கசற்றை வெடுக்கென்று பறித்தாள்.

"இஞ்சேரும், உடைச்சுப் போடாதையும்!" என்று அல்போன்ஸ் பதறினான்.

"உடைக்கவோ? திறமானதைத் தூக்கி ஆருக்கோ குடுக்கிறியள், உங்களுக்குக் காது இருக்கோ? கறுப்பு மட்டை ஒண்டுக்கும் உதவாது. எல்லாத்தையும் நான் போட்டுப் பார்த்தனான்."

"நீரோ? எப்ப?"

"காத்தும் கடலும் பேயாட்டம் ஆடேக்கை! உங்கட கப்பல் எங்கை கடலுக்கடியிலை தாண்டு போச்சுதோ எண்டு நான் இஞ்சை தனியக் கிடந்து சாகேக்கை!" அவள் சிவப்பு மட்டையை நீட்டிக் காட்டினாள். கோபம் அடங்கவில்லை. "அந்தக் கடல் இரையிறதை என்ரை காதிலை விழாமல் மறைச்சது இது ஒண்டுதான்!"